பனி மெலிந்ததாம்

இக்கெராக், ஏப்ரல் 21

தம்பி எலியாஸுக்கு,

அக்கா அமாலியா எழுதுகிறேன். நீ சுகமா? நிவிக்கு வாந்தி நின்றதா? வயிற்றில் பிள்ளை அசைகிறதா? இங்கே சுகம் என்று எழுதினால் பொய். இருக்கிறோம், அவ்வளவுதான்.

போனில் பேசினால் நீ "ம்" போட்டுவிட்டு, கூட்டம் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. நான் படித்த ஏழு வகுப்புக்கு எழுத்து இப்படித்தான் வரும்.

என் மகன் அடக்கத்துக்கு நீ வரவில்லை. ஹெலிகாப்டர் பறக்கவில்லை என்றாய். இரண்டு நாள் பறக்கவில்லை, மூன்றாம் நாள் பறந்தது. போகட்டும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மகன் மூன்றாம் தேதி உறைந்த கடல்மேல் நாய்வண்டியில் தீவுக்கு அந்தப் பக்கம் தட்டை மீன் பிடிக்கப் போனான். அங்கே குடிசையில் நாலு நாள் தங்கினான். ஐந்தாம் தேதி ஒரு சிவப்புக் கப்பல், எதிர்க்கரை மலையைத் துளைத்துப் பார்க்கிற கம்பெனிக்குச் சாமான் கொண்டுவந்தது. விரிகுடாப் பனியை நடுவில் பிளந்துகொண்டு போயிருக்கிறது. நம் ஊர் நிலமுனைக்குப் பின்னால் இருப்பதால் எங்கள் கண்ணில் படவில்லை. அவனுக்கும் தீவு மறைத்தது. பிளந்த இடம் இரவில் மெல்ல உறைந்து, மேலே பனித்தூள் பெய்து மூடிவிட்டது. ஏழாம் தேதி அவன் போன தடத்திலேயே திரும்பினான். தன் வண்டித் தடத்தை எவனாவது கம்பியால் குத்திப் பார்ப்பானா? நாய்களோடும் மீனோடும் வண்டி உள்ளே இறங்கிவிட்டது. வாரை அறுத்துக்கொண்டு இரண்டு நாய் ஈரத்தோடு வீட்டுக்கு வந்தன. மறுநாள் கொழுந்தன் யாக்குதான் அவனைக் கொக்கி போட்டு எடுத்தான்.

போலீஸ்காரன் பெயரைக் கேட்டான். நான் சொல்லவில்லை. அந்தப் பெயர் அடுத்துப் பிறக்கிற ஒரு குழந்தைக்குப் போய், அவன் அதில் திரும்பி வரும்வரை என் வாயிலிருந்து வராது, உனக்குத் தெரியும். யாக்கு எழுதிக் கொடுத்தான். போலீஸ்காரன் காகிதத்தில் என்ன எழுதினான் தெரியுமா? "காலநிலை மாற்றத்தால் பனி மெலிந்து விபத்து." மெலிந்ததாம். நானும் யாக்கும் போய், விழுந்த இடத்துக்குப் பத்துக் காலடி தள்ளிப் பனியை வெட்டினோம். குப்புறப் படுத்துக் கையை விட்டேன். விரல் நுனியிலிருந்து அக்குள் வரை பனி. கப்பல் போன இடத்தில் நாலு விரல்.

கம்பெனிக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய். கப்பல் வருவதை ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை? கேட்டு எழுது. அந்தக் காகிதத்தில் இருக்கும் வரியை மாற்ற வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நிவியைக் கனமான எதையும் தூக்க விடாதே.

அக்கா

*

நூக், மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நானும் நிவியும் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? காப்பித்தூள் இரண்டு பொட்டலமும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன்.

நடந்ததை நினைத்து நான் சரியாகத் தூங்குவதில்லை. கப்பல் விஷயமாக உள் விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் கடந்த இருபது வருஷத்தில் உங்கள் பக்கத்துப் பனி மிகவும் இளைத்திருக்கிறது, பனி உறையும் காலமும் சுருங்கிவிட்டது என்று அளவுகள் சொல்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோபத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். தீவுக் குடிசையில் ரேடியோ வேலை செய்ததா?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

எலியாஸ்

*

இக்கெராக், ஜூன் 2

தம்பிக்கு,

காப்பி வந்தது. காலுறையை யாக்கு போட்டுக்கொண்டான். முட்டி வலிக்கிறது, வலிக்கட்டும். நிவி எப்படி இருக்கிறாள்?

பனி இளைத்ததை எனக்கு நீ அளந்து சொல்கிறாயா? அப்பா காலத்தில் அக்டோபரில் உறையும், இப்போது கிறிஸ்துமஸுக்கு உறைகிறது. மே மாதமே உடைந்துபோகிறது. போன வருஷம் இங்கே ஏழு பேர் பனியில் போய் மீன் பிடிக்க வழியில்லாமல், தீனி போட முடியாமல் தங்கள் நாய்களைச் சுட்டார்கள். இதைச் சொல்ல எந்த அளவும் வேண்டாம். பனி இளைத்தது உண்மை. இளைத்ததால்தான் ஏப்ரலிலேயே கப்பலுக்கு உள்ளே வர வழி கிடைத்தது. அதற்காகக் கப்பல் பிளந்த பள்ளத்துக்கு வானத்தைக் குற்றம் சொல்வதா? கதவைத் திறந்தது வெயில். உள்ளே வந்தது ஆள். ஆளுக்குப் பெயர் இருக்கும்.

ஊர் அலுவலகத்தில் தோராவைக் கேட்டேன். ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை என்கிறாள்.

ரேடியோ வேலை செய்தது. மகன் எங்கே இருந்தாலும் பகல் பன்னிரண்டுக்கு வானிலையும் அதற்குப் பின்னால் வரும் அறிவிப்பும் கேட்காமல் இருக்கமாட்டான். நீ ஏன் அதைக் கேட்டாய்?

அக்கா

*

நூக், ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னியுங்கள். கோபன்ஹேகனுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது. உங்கள் உடம்பு நலம்தானே?

நல்ல செய்தி. ஜூலை 30 அன்று நிவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்றரைக் கிலோ. தாயும் பிள்ளையும் நலம். தலை நிறைய முடி. பாலுக்கு அழுதால் மாடிப்படி வரை கேட்கிறது.

செப்டம்பரில் எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் மக்கள் கருத்தைக் கேட்க உங்கள் ஊருக்கு வருவார்கள். கேட்க வேண்டியதை அவர்களிடம் கேளுங்கள்.

எலியாஸ்

*

இக்கெராக், ஆகஸ்ட் 23

தம்பி, நிவி, இருவருக்கும்,

கடிதத்தைப் படித்ததும் தோராவின் மேசையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவன் வந்துவிட்டான். ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் விடியும்வரை தூங்கினேன். நிவிக்குப் பால் போதுமா? சீல் இறைச்சி சூப் கொடு, கடையில் விற்கும் தூள் சூப்பைக் கொடுக்காதே.

ஊரே கேட்கிறது, எப்போது பெயர் வைப்பார்கள் என்று. யாக்கு இப்போதே குழந்தையை "அண்ணன் மவனே" என்று சொல்லிச் சொல்லிப் பழகுகிறான். குழந்தைக்குத் தோல் காலணி தைத்து அனுப்புகிறேன். மூன்று மாதத்துக்குக் காலுக்குச் சரியாக இருக்கும், அதற்குமேல் வேறு தைப்பேன். ஞானஸ்நானத் தேதியை எழுதுங்கள், எப்படியாவது வந்துவிடுவேன்.

நீ கோபன்ஹேகன் போனதையும் மற்றதையும் பிறகு பேசிக்கொள்வோம். இன்று வேண்டாம்.

அவன் அம்மா, உன் அக்கா

*

நூக், செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

காலணி வந்தது. மிகவும் அழகு. நீங்கள் நலமென்று நம்புகிறேன்.

குழந்தைக்கு நிவியின் தாத்தா பெயரை, ஆண்டர்ஸ் என்று, வைக்கலாம் என்றிருக்கிறோம். இங்கே நூக்கில் இப்போது யாரும் பழைய முறையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகன் எங்கள் நினைவில் எப்போதும் இருப்பான்.

எலியாஸ்

*

இக்கெராக், செப்டம்பர் 24

எலியாஸுக்கு,

குழந்தை சுகமா? நிவி சுகமா? உன்னைக் கேட்கவில்லை.

உங்கள் ஆட்கள் வந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு நம்ம ஆள். பள்ளிக்கூடத்தில் கேக்கும் காப்பியும் வைத்தார்கள். சுவரில் படம் போட்டார்கள். நம் விரிகுடா அதில் ஒரு சதுரம். அதற்குள் ஒரு எண். பெயர் இல்லை. பிறகு ஒல்லியான ஒரு கரடியின் படம் போட்டு, உலகம் எப்படிச் சூடாகிறது என்று நம்ம ஆள் அரைமணி நேரம் பேசினான். பிள்ளைகள் கேக்கை முடித்துவிட்டார்கள்.

நான் எழுந்து கையை மேலே தூக்கி, அக்குளைத் தொட்டுக் காட்டினேன். இவ்வளவு பனி இருந்தது என்றேன்.

"உங்க துக்கம் எங்களுக்குப் புரியுதும்மா. ஆனா உலகம் பூரா பனி இளைச்சுகிட்டேதான் இருக்கு" என்றான் நம்ம ஆள்.

"உலகத்துப் பனியையா கேட்டேன்? எம்மவன் விழுந்த எடத்துப் பனியக் கேக்கறேன். கப்பல் வருதுன்னு யாருகிட்ட சொன்னீங்க?"

அவன் கோப்பைப் புரட்டினான். ஏப்ரல் இரண்டாம் தேதி அறிவிக்கப்பட்டது என்று கையெழுத்து இருப்பதாகச் சொன்னான்.

"யாருக்கு அறிவிச்சீங்க, சீலுக்கா?" என்று யாக்கு கேட்டான். ஊரே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்கு என் மேலேயே எரிச்சல்.

யார் கையெழுத்து என்று கேட்டேன். பெயரைச் சொல்ல அனுமதி இல்லையாம். கோப்பை மூடிவிட்டான். மூடும்போது என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படுக்கையில் வரிசையாக வைத்தேன். எங்களுக்கு வர வேண்டிய அறிவிப்பை நம் வடக்குப் பேச்சில் எழுதத் தெரிந்தவன் அந்த அலுவலகத்தில் நீ ஒருவன்தான். அம்மாவிடம் அதைச் சொல்லித்தானே அந்த வேலைக்குப் போனாய். ரேடியோ வேலை செய்ததா என்று கேட்டாய். ஏன் கேட்டாய் என்றேன், இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. அடக்கத்துக்கு வரவில்லை. இதெல்லாம்கூட எனக்குப் போதாமல் இருந்திருக்கும். தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று நினைக்கிறவள் நான்.

ஆனால் பெயரை வேண்டாம் என்றாயே, அங்கேதான் மாட்டிக்கொண்டாய். நம் குடும்பத்தில் செத்தவன் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைக்காத ஆள் கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு பத்து வருஷம் பேசாத சித்தப்பாகூட அப்பா பெயரைத் தன் மகனுக்கு வைத்தார். அந்தப் பெயரை வீட்டுக்குள் விடப் பயப்படுகிறவன் ஒருவன்தான் இருக்க முடியும். காலையில் எழுந்ததும் அவன் முகத்தில் விழிக்க முடியாதவன்.

அந்தக் கையெழுத்து உன்னுடையதா? "ம்" வேண்டாம். எழுது.

அமாலியா

*

நூக், அக்டோபர் 8

அக்கா,

என்னுடையதுதான்.

அறிவிப்பை நான் ஏப்ரல் இரண்டாம் தேதியே நம் பேச்சில் எழுதி வைத்துவிட்டேன். அன்றைக்கே வானொலிக்கு அனுப்ப வேண்டியது. மேலதிகாரி எட்டாம் தேதி வரை கையில் வைத்திரு என்றார். முன்பொரு முறை தெற்கே வேட்டைக்காரர்கள் நாய்வண்டிகளைக் கொண்டுபோய்க் கப்பல் பாதையில் நிறுத்தினார்கள், அந்தக் கம்பெனி திரும்பிப் போய்விட்டது. இந்தக் கம்பெனியும் போனால் வேறொன்று வராது என்றார். கோப்பில் மட்டும் "அறிவிக்கப்பட்டது" என்று கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

யாரும் என்னை அடித்துப் போட வைக்கவில்லை அக்கா. நானும் நம்பினேன். சுரங்கம் வந்தால்தான் டேனிஷ்காரர்கள் வருஷா வருஷம் போடும் பிச்சையை வேண்டாம் என்று சொல்லி நாம் சொந்தக் காலில் நிற்க முடியும். சுதந்திரத்துக்காக ஆறு நாள் தாமதம் பெரிதில்லை என்று நினைத்தேன். ஏப்ரலில் எல்லோரும் ஊர்ப் பக்கத்திலேயே மீன் பிடிப்பார்கள் என்றும் நினைத்தேன். நான் ஊரை விட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

ஏழாம் தேதி நீங்கள் போன் செய்தீர்கள். எட்டாம் தேதி அந்தக் காகிதத்தை நான் அனுப்பவே இல்லை. கிழித்துவிட்டேன்.

நிவிக்கு நேற்றுதான் சொன்னேன். அவள் குழந்தையோடு அடுத்த அறையில் படுத்துக்கொள்கிறாள்.

உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்கு வாயில்லை.

எலியாஸ்

*

இக்கெராக், அக்டோபர் 30

எலியாஸுக்கு,

குழந்தை சுகமா என்று மட்டும் எழுது.

உன் கடிதத்தை யாக்குவுக்குக் காட்டவில்லை. காட்டினால் படகு எடுத்துக்கொண்டு நூக் வரை வந்துவிடுவான்.

சுதந்திரம் என்று எழுதியிருக்கிறாய். ஒன்று சொல்கிறேன். டேனிஷ்காரன் அப்பாவின் ஊரை மூடியபோது ஒரு அதிகாரி கப்பலில் வந்து இறங்கினான். எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, கடை மூடப்படும், வீடு மூடப்படும், கிளம்புங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். யாருக்கும் விளங்காத மொழியில் சொன்னான். அப்பா சாகும்வரை அவனைத் திட்டினார். ஆனாலும் அவன் வந்தான், சொன்னான். உனக்கு எங்கள் மொழி தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். நீ டென்மார்க்கில் படிக்கப் போவதற்காக நான் பள்ளிக்கூடத்தை விட்டு மீன் ஆலையில் குடல் உருவினேன். நம்ம ஆள் ஒருவன் அங்கே உட்கார்ந்தால் நம்மைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது என்று அம்மா சொன்னாள். உட்கார்ந்தாய். கேட்காமல்தான் நடந்தது. யாருடைய கால் உன் சொந்தக் கால்? என் மகனுக்கும் இரண்டு கால் இருந்தது.

இப்போது கேள். அந்தப் பெயரை வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நீ யார்? அது உன்னுடையது அல்ல, அவனுடையது. இந்தக் குடும்பத்தில் அடுத்துப் பிறந்த பிள்ளையிடம் அவன் வருவான், நீ கதவைச் சாத்தினாலும் வருவான். ஆனால் பொய் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு என் மகனை நான் அனுப்பமாட்டேன்.

போலீஸுக்கு எழுது. காகிதத்தைக் கிழித்ததையும் எழுது. பனி நன்றாக இருந்தது, கப்பல் பிளந்தது, சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை, சொன்னதாகப் பொய்க் கையெழுத்துப் போட்டான் என்று எழுதி, அடியில் உன் பெயரைப் போடு. பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதட்டும். அதன் நகலை எனக்கு அனுப்பு. அதற்குப் பிறகு ஞானஸ்நானம். அதுவரை பிள்ளைக்குப் பெயரே வேண்டாம்.

எனக்கு அவள்மேல் கோபமில்லை என்று நிவியிடம் சொல்.

அமாலியா

*

நூக், நவம்பர் 26

அக்கா,

குழந்தை சுகம். பிறந்ததிலிருந்து நாலு கிலோ ஏறியிருக்கிறான். நிவியும் சுகம்.

நகல் இதோடு இருக்கிறது. போலீஸில் இரண்டு நாள் கேள்வி கேட்டார்கள். கோப்பில் பழைய வரியை நீக்கி என் வாக்குமூலத்தைச் சேர்த்துவிட்டார்கள், முத்திரையைப் பாருங்கள். மேலதிகாரி தனக்கு எதுவும் நினைவில்லை என்று சொல்லிவிட்டார். வழக்கு என்மேல்தான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காப்பிக் கடையில் தெரிந்தவர்கள் வேறு மேசைக்குப் போகிறார்கள். நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஒருவர் என் முகத்துக்கே சொன்னார்.

ஞாயிறன்று ஞானஸ்நானம் செய்தோம். பெயரைச் சொல்லச் சொன்னார் பாதிரியார். நான் நிவியைத் திரும்பிப் பார்த்தேன். நிவிதான் சொன்னாள். தண்ணீர் ஊற்றியபோது அவன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலியாஸ்

*

இக்கெராக், டிசம்பர் 9

என் மகன் பிலுதாக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமா? பால் குடிக்கிறாயா? காதில் குளிர் படாமல் தொப்பி போடுகிறார்களா? எட்டு மாதமாக உன் பெயரைச் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை. இப்போது எழுதிவிட்டேன். எழுத்து கோணியிருந்தால் சிரிக்காதே.

இதை உனக்கு வாசிக்கிறவன் உன் தாய்மாமன் எலியாஸ். எலியாஸ், ஒரு வரியையும் விடாமல் சத்தமாக வாசி. அவன் உன்னை மருமகனே என்று கூப்பிடுவான். நீ பேசக் கற்றதும் அவனை மாமா என்றே கூப்பிடு. பால் கொடுக்கிறவள் உன் அத்தை, நல்லவள், அவள் பேச்சைக் கேள்.

முத்திரை போட்ட காகிதத்தைத் தோராவை நாலு முறை படிக்கச் சொன்னேன். யாக்குவுக்கும் காட்டினேன். காகிதத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனான், மறுநாள் வந்து உன் இரண்டு நாய்களுக்கும் தீனி போட்டான். காகிதத்தில் சரியாக எழுதியிருக்கிறது. உனக்கும் சொல்கிறேன். பனி நன்றாகத்தான் இருந்தது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை, நாய்களும் செய்யவில்லை. உன் தடத்தில் நீ வந்தாய். குடிசையில் மூன்று நாள் பகல் பன்னிரண்டுக்கு ரேடியோவைத் திறந்து வானிலை முடிந்ததும் காதை வைத்துக் காத்திருந்திருப்பாய். அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் உன் தாய்மாமன்.

வசந்தத்தில் அந்தக் கப்பல் மறுபடியும் வருமாம். இந்த முறை இப்போதே ரேடியோவில் நாலு தடவை சொல்லிவிட்டார்கள், நம் பேச்சிலேயே. சொல்லிவிட்டுப் பனியைப் பிளப்பார்களாம். வரட்டும், நாங்களும் வண்டிகளோடு அங்கேதான் நிற்போம்.

நீ வளர்ந்ததும் உன் மாமாவிடம் ஒரு நாள் கேள், ஏன் சொல்லவில்லை என்று. அவனும் பதில் வைத்திருக்கிறான். எனக்கு எழுதினான். எனக்கு அது போதவில்லை. உனக்குப் போதுமா என்று நீ எனக்கு எழுது.

உன் அம்மா,
அமாலியா